நூறு எம்பி சமன் பன்னிரண்டரை எம்பி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வசிக்கிறார். பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அவரைச் சேவையர் ஐயா என்றே அழைப்பார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் ஒரு கோடிட்ட கொப்பியுடன் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ரொறன்ரோவில் இருக்கும் மகன், பேத்தியின் திருமண வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதன் அளவு 45 ஜிகாபைட் என்று அறிவித்திருந்தார். ஐயாவின் வீட்டுக்கு வருவது ‘நூறு எம்பி’ ஃபைபர் இணைப்பு. ஆகவே 45,000-ஐ 100-ஆல் பிரித்து, 450 விநாடி, அதாவது ஏழரை நிமிடம் என்று கொப்பியில் எழுதி, அதன் கீழே இரட்டைக் கோடும் போட்டுவிட்டு, தரவிறக்கத்தைத் தொடங்கித் தேநீர் ஊற்றப் போயிருக்கிறார். தேநீர் குடித்து முடித்துத் திரும்பியபோது, இன்னும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இருக்கிறது என்று திரை சொல்லியிருக்கிறது.

“பிள்ளை, நூறு எண்டு காசு வாங்கிப்போட்டுப் பதினொண்டு தாறாங்கள். காணி வித்தவன் பத்துப் பேர்ச்சுக்கு ஒரு பேர்ச் அளந்து குடுத்தால் நான் விட்டிருப்பனே?” என்றார்.

கொப்பியில் மூன்று முறைப்பாடுகள் இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தன. முதலாவது, 100 வரவேண்டிய இடத்தில் 11.3 வருகிறது. இரண்டாவது, ரொறன்ரோவில் 45 ஆக இருந்த கோப்பு கொழும்பில் 41.9 ஆகச் சுருங்கிவிட்டது. மூன்றாவது, ஏழரை நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டது. சேவை நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதை நான் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. மொழிபெயர்ப்பு என் தொழில். இயந்திரக் கையேடுகள், ஒப்பந்தக் கேள்விப்பத்திரங்கள், பொருட்களின் பெட்டியில் வரும் மடிப்புத் தாள்கள் என்று பதினைந்து வருடமாக மூன்று மொழிகளுக்கிடையில் தண்ணீர் சுமப்பவள் நான். ஆகவே கடிதம் தேவையில்லை, இது வெறும் எட்டால் பிரிக்கிற விடயம் என்று, கொஞ்சம் அலட்சியமாகவே சொல்லிவிட்டேன்.

“ஏன் எட்டு?” என்று கேட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏன் எட்டு

ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரே பொருளை ஒருவன் பிட்டிலும் மற்றவன் பைட்டிலும் ஏன் அளக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கம்பி வழியே செய்தி அனுப்புகிறவர்களுக்கு விநாடிக்கு எத்தனை துடிப்பு போகிறது என்பதே பழைய காலத்திலிருந்து கணக்கு. கம்பிக்கு எழுத்து தெரியாது, சொல் தெரியாது. ஒன்று அல்லது பூச்சியம் என்று ஒவ்வொன்றாகத்தான் அது கடத்தும். 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் தன்னுடைய புகழ்பெற்ற கட்டுரையில் அந்த ஒற்றைத் துணுக்குக்கு பிட் என்ற பெயரைப் பயன்படுத்தி, அதை முன்மொழிந்தவர் ஜோன் டியூக்கி என்றும் குறிப்பிட்டார். பைட் என்ற சொல் 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கியது. அது கணினியின் களஞ்சியத்தில் ஓர் எழுத்தை வைப்பதற்கான பெட்டியின் பெயர். அந்தப் பெட்டியில் எத்தனை பிட் இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்தில் நிலையாக இருக்கவில்லை; ஆறு பிட் பெட்டிகளும் ஒன்பது பிட் பெட்டிகளும் இருந்த காலம் ஒன்று உண்டு. எட்டு என்று அது நிலைத்த பின்பும், ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத விரும்பிய தொலைத்தொடர்புக்காரர்கள் ஒக்டெட் என்ற வேறு சொல்லையே ஆவணங்களில் பயன்படுத்தினார்கள். ஆகவே வீதி பிட்டில் அளக்கப்படுகிறது, களஞ்சியம் பைட்டில் அளக்கப்படுகிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாங்கள் உட்கார்ந்து சண்டை பிடிக்கிறோம்.

எட்டால் பிரிப்பது எக்காலத்துக்கும் பொருந்துகிற விதியும் அல்ல. தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்ட காலத்தில், தொடர் இணைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்க பிட்டும் பின்னே ஒரு நிறுத்த பிட்டும் சேர்ந்து மொத்தம் பத்தாகப் போனதால், விநாடிக்கு எத்தனை எழுத்து என்று அறியப் பத்தால் பிரித்தார்கள். அந்தக் காலத்தின் இன்னொரு குழப்பம் போட் என்ற அலகு. பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோவின் பெயரால் வந்த அந்த அலகு, விநாடிக்குக் கம்பியில் ஏற்படும் நிலைமாற்றங்களை எண்ணுவது. ஒரு மாற்றத்தில் நான்கு பிட்டை ஏற்றி அனுப்பிய 2400 பிட் மோடம் உண்மையில் 600 போட் வேகத்தில்தான் இயங்கியது. ஆனால் அதை 2400 போட் மோடம் என்று விற்றவர்களும் வாங்கியவர்களும் ஏராளம்.

இதையெல்லாம் கேட்ட ஐயா, “சரி, கணக்கை எழுதிக் காட்டும்” என்று கொப்பியையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன்.

100 எம்பி ÷ 8 = 12.5 எம்பி.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நூறு எம்பியை எட்டாலை பிரிச்சால் பன்னிரண்டரை எம்பி. அது எட்டில ஒரு பங்கு. நீர் இதை ரெண்டும் ஒண்டு எண்டெல்லோ சொன்னனீர்? எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை?”

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை நான் ஏற்கெனவே வேறெங்கோ எழுதியிருக்கிறேன் என்ற எண்ணம் வந்து, வயிற்றுக்குள் ஏதோ கனத்தது.

புறக்கோட்டைக் கடை

ஆங்கிலத்தில் இந்த இரண்டு அலகுகளையும் பிரித்துக் காட்டுவது ஓர் எழுத்தின் உயரம் மட்டுமே. சிறிய பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். எட்டு மடங்கு வித்தியாசத்தை ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்களிடம் ஒப்படைத்தது புத்திசாலித்தனமான ஏற்பாடா என்று ஆங்கிலத்துக்குள்ளேயே கேட்கலாம். தமிழில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எங்கள் எழுத்துக்குப் பெரியது சிறியது கிடையாது. சிங்கள எழுத்துக்கும் கிடையாது. இரண்டையும் நாங்கள் எம்பி என்று சொல்கிறோம், எம்பி என்று எழுதுகிறோம். போதாததற்கு, இந்த நாட்டில் எம்பி என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கும் 225 பேர். அவர்களுடைய வேகத்தை அளக்க இன்னும் அலகு கண்டுபிடிக்கப்படவில்லை.

சென்ற வருடம் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காக ஒரு விலைமனுவைத் தமிழாக்கம் செய்தேன். கடையிலும் பின்னால் இருக்கும் களஞ்சியத்திலுமாகப் பதினாறு கமராக்கள்; அவற்றின் பதிவு வத்தளையில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு இணையம் வழியாக அன்றன்றே போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டவணையின் கட்டங்கள் ஒடுக்கமாக இருந்தன. சுருக்கமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஐயா மேலே போன பிறகு அந்தக் கோப்பைத் தேடித் திறந்தேன். பதிவுக் கருவியிலிருந்து வெளியேறும் தரவு என்ற வரியில் ‘விநாடிக்கு 8 எம்பி’ என்று இருந்தது. இணைப்பின் பதிவேற்ற வேகம் என்ற வரியில் ‘விநாடிக்கு 10 எம்பி’ என்று இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வரியில் இருந்தது பெரிய பி. இரண்டாவது வரியில் இருந்தது சிறிய பி.

ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் பதினாறு கமராக்கள் 64 மெகாபிட் அனுப்பும். எட்டால் பிரித்தால் 8 மெகாபைட். கருவிக்காரர் எழுதியது சரி. இணைப்புக்காரர் 10 மெகாபிட் என்று எழுதியதும் சரி. எட்டு பத்துக்குள் அடங்கும் என்று நினைத்து வியாபாரி கையெழுத்திட்டதும், அவர் வாசித்த தமிழின்படி சரியே. உண்மையில் அந்தக் குழாயில் இரண்டு கமராவின் பதிவு போகும், மூன்றாவதற்கு இடம் போதாது. ஒரு நாள் பதிவை அனுப்பி முடிக்க ஆறு நாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் அடுத்த ஆறு நாள் பதிவு வரிசையில் வந்து நிற்கும். அந்த ஏற்பாடு சரிவரவில்லை, வீட்டில் போட்டுப் பார்த்தால் போன வாரத்துப் படம்தான் வருகிறது என்று அவர் ஒருமுறை தொலைபேசியில் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. நானும் உச்சுக்கொட்டினேன். அதற்குக் காரணம் நானாக இருக்கலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

பெயரைக் கழற்றாமல் கணக்கிடுவது

மறுநாள் மாலை நானே மேல்தளத்துக்குப் போனேன். ஐயா தன்னுடைய பழைய வேலைக் கொப்பிகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓரிடத்திலும் தனி இலக்கம் இல்லை. ஒவ்வோர் இலக்கத்தின் வாலிலும் அதன் அலகு தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டும்போது அலகையும் சேர்த்தே வெட்டியிருந்தார். பேர்ச் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது பதினாறரை அடி நீளம். அதே சொல்லே பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, அதாவது 272.25 சதுர அடிப் பரப்பளவும் ஆகும். கொழும்பில் காணி பேசுபவர் பேர்ச் என்று பேசுவார், யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் பரப்பு என்று பேசுவார். ஏக்கருக்கு 160 பேர்ச், ஏக்கருக்கு 16 பரப்பு, ஆகவே ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். உறுதியில் ஏக்கர், ரூட், பேர்ச். புதிய அளவைப்படத்தில் ஹெக்டேர். இந்த நான்கு உலகத்துக்கும் நடுவில் நாற்பது வருடம் இருந்தவர் அவர். “இலக்கத்தை மட்டும் கழட்டிக்கொண்டு போனால் வழக்குத்தான் வரும் பிள்ளை” என்றார்.

அந்த முறையிலேயே அவருடைய மூன்று முறைப்பாடுகளையும் கொப்பியில் தீர்த்தோம். ஒரு விநாடிக்கு 100 மெகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். பிட்டும் பிட்டும் வெட்டுப்பட, மிஞ்சுவது விநாடிக்கு 12.5 மெகாபைட். ஆனால் திரை காட்டியது 11.3. மீதி எங்கே? இங்கே ஐயாவின் வீதி ஒதுக்கீடு கைகொடுத்தது. பெரிய காணியைத் துண்டாடி விற்கும்போது வீதிக்கு விட்ட பங்கைக் கழித்துத்தானே விற்பனைக்குரிய பேர்ச்சைக் கணக்கிடுகிறோம்? அவருடைய ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையில் இருந்தது 100 மெகாபிட் ஈதர்நெட் கம்பி. அதில் தரவு பொதி பொதியாகத்தான் போகும். ஒவ்வொரு பொதியும் 1,500 பைட்; அதற்குள் முகவரிகளும் வரிசை இலக்கங்களும் 40 பைட்டை எடுத்துக்கொள்ள, வீடியோவுக்குக் கிடைப்பது 1,460. பொதியைச் சுற்றிய உறையும், இரண்டு பொதிகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியும் இன்னும் 38 பைட். ஆக 1,538 பைட் வீதியில் 1,460 பைட் காணி. நூற்றுக்குச் சுமார் 95. பன்னிரண்டரை ஏறக்குறைய 11.87 ஆகிறது.

எஞ்சிய சறுக்கல் வேறு வகையானது. தொலைத்தொடர்பில் மெகா என்றால் பத்து லட்சம், கூட்டலும் இல்லை குறைத்தலும் இல்லை. கணினிக்காரர்கள் நினைவகத்தை இரண்டின் அடுக்குகளில் எண்ணிப் பழகியதால், 1,024-ஐ கிலோ என்றும் 1,024 தடவை 1,024-ஐ, அதாவது 10,48,576-ஐ, மெகா என்றும் அழைத்துவிட்டார்கள். 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு இந்த இரண்டாவது வகைக்குக் கிபி, மெபி, கிபியின் அண்ணன் தம்பி எல்லாம் என்று தனிப் பெயர்கள் சூட்டியது. நான் இதுவரை எந்தக் கடையிலும் எவரும் மெபிபைட் என்று சொல்லக் கேட்டதில்லை. மகனுடைய ஆப்பிள் மடிக்கணினி 2009-இலிருந்து பத்தின் அடுக்கில் எண்ணுகிறது. ஐயாவின் விண்டோஸ் இரண்டின் அடுக்கில் எண்ணிவிட்டுப் பழைய பெயரையே ஒட்டுகிறது. 11.87-ஐ 1.0486-ஆல் பிரித்தால் 11.3. கோப்புக்கும் அதே கதை: 45-ஐ 1.0737-ஆல் பிரித்தால் 41.9. கடலில் எதுவும் விழவில்லை. மூன்றாவது முறைப்பாட்டின் ஒரு மணித்தியாலம் மூன்று நிமிடமும் தானாகவே வந்து பொருந்தியது. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கடலடி வடத்தின் வடிவமைப்புத் திறன் விநாடிக்கு 24 டெராபிட் என்று சொன்னேன். அவர் உடனே எட்டால் பிரித்து, 3 டெராபைட், அப்படியென்றால் என்னுடைய கலியாண வீடு விநாடியில் நூறில் இரண்டு பங்குக்குள் முடிந்துவிடுமே என்றார். அலகோடுதான் எழுதினார்.

இரண்டின் அடுக்கு தெரிந்தவர்களுக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. என்னுடன் வேலை செய்த ஒருவர், ஒரு கேள்விப்பத்திரத்தில் 2,048 கிலோபிட் என்று இருந்ததை 1,024-ஆல் பிரித்து 2 மெகாபிட் என்று மாற்றிவிட்டார். பார்த்தால் கணினி எண் போலவே இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 2,048 வந்த வழி வேறு. தொலைபேசியில் ஒரு குரலை விநாடிக்கு 8,000 தடவை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டு பிட்டில் எழுதினால் 64,000 பிட். அப்படிப்பட்ட 32 தடங்களைக் கட்டினால் ஈ1 எனப்படும் ஐரோப்பிய முறை இணைப்பு: 2,048 கிலோபிட், அதாவது 2.048 மெகாபிட். அமெரிக்கர்கள் 24 தடங்களைக் கட்டி, ஒழுங்குக்காக 8 கிலோபிட் சேர்த்து, 1.544 மெகாபிட் என்று வைத்துக்கொண்டார்கள். இங்கே கிலோவுக்கு ஆயிரம்தான். நூற்றுக்கு இரண்டரை வீதத்துக்கும் குறைவான பிழை என்றாலும், ஒப்பந்தத்தில் அது பிழைதான்.

என் கருத்தில் இதையெல்லாம்விட விசித்திரமானது நாங்கள் மாதாமாதம் கட்டும் கட்டணச் சீட்டு. ஒரே தாளில் வேகத்தை பிட்டிலும், மாதப் பொதியை, அதாவது மாதத்துக்கான மொத்தத் தரவளவை, பைட்டிலும் விற்கிறார்கள். வேகம் பெரிய இலக்கமாகத் தெரிகிறது. பொதி எவ்வளவு விரைவில் தீரும் என்பது தெரிவதில்லை. 100 ஜிகாபைட் பொதியை வாங்கி, 100 மெகாபிட் வேகத்தில் முழுமூச்சாக இழுத்தால் 8,000 விநாடி, அதாவது இரண்டே கால் மணித்தியாலத்துக்குள் மாதம் முடிந்துவிடும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, இரண்டும் அவரவர் தொழிலின் இயல்பான அலகுகள்தான். ஆனாலும் அந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர்கூட ஒரு கோடு போட்டுக் காட்டவில்லையே என்று சேவையர் ஐயா முணுமுணுத்தது நியாயம்தான்.

இப்போது நான் மெகாபிட், மெகாபைட் என்று முழுவதுமாக எழுதுகிறேன். அட்டவணை அகலவில்லை, எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கிறது என்று வடிவமைப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இலங்கை வழக்கப்படி பிற்று, பைற்று என்று எழுதித் தரும்படி கேட்பவர்களுக்கு அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். பிட்டுக்கும் பைட்டுக்கும் நடுவே இருப்பதும் ஓர் உயிர்க்குறிதான் என்பதால், அச்சுக்கு முன் அந்த வரிகளை மட்டும் வாய்விட்டு வாசிக்கிறேன்.

புறக்கோட்டை வியாபாரியை அழைப்பதற்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. அழைத்து, அட்டவணையில் இருந்த பிழை என்னுடையது, வேண்டியது 64 மெகாபிட், இருப்பது 10 மெகாபிட் என்று நேராகச் சொன்னேன். சற்று நேரம் எதிர்ப்பக்கத்தில் துணி கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப அதுதானா தங்கச்சி? நான் கமரா பூட்டின பெடியனைத்தான் ஏசிக் கலைச்சனான். அவன்ர மிச்சக் காசும் குடுக்கேல்ல.”

எவ்வளவு என்று கேட்டேன். பதினெட்டாயிரம் என்றார். அதை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள், வேண்டுமானால் என்னுடைய அடுத்த வேலையின் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்ப்பம் என்றார். பையனின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, சேவையர் ஐயாவின் கணக்கு இருக்கும் அதே பக்கத்தின் கீழே, 18,000 என்று எழுதி, பக்கத்தில் ரூபாய் என்பதையும் எழுதிக்கொண்டேன்.